தராசும் துருவும்

திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டைக்கும் ‘காலடி’ என்ற சொல்லுக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் கோலட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ‘கோலட்பேட்டை’தான் மக்கள் வாயில் இப்படி மாறியது. முழமும் எடையும் பார்த்துப் பிழைத்த அந்த ஊருக்குத் திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் எளிதாகவே புரியும்.

‘அல் முதஃப்பிஃபீன்’ என்றால் அளவில் மோசடி செய்பவர்கள். தமக்கு வாங்கும்போது நிறையக் கேட்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்தே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. 36 வசனங்கள். வணக்க வழிபாட்டை அல்ல, கடைத்தெருவை முதலில் பேசுவதுதான் இதன் அழகு. சுஐப் நபி மத்யன் மக்களிடம் வற்புறுத்தியதும் இதே நேர்மையைத்தான்.

திருடுவது சில கிராம்தானே? 14ஆவது வசனம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது: செய்த தீமைகளே உள்ளத்தில் கறையாகப் படிகின்றன. அந்தக் கறையை உரையாசிரியர்கள் துரு என்றும் விளக்குவார்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி ஒரே நாளில் இற்றுப்போவதில்லை. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தராசுக்கு அரசு முத்திரை கேட்கும் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் வந்தது; உள்ளத்துத் துருவை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர்களே, நாளைக் காலை தட்டைத் துடைத்துவிட்டு, தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.