நாணயமும் கடன் அறிக்கையும்

'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். ஒருவர் நாணயமானவரா என்பதை முன்பு மளிகைக் கடைக்காரரின் பற்று வரவு நோட்டே சொல்லிவிடும். இன்று அந்த இடத்தில் கடன் தகவல் அறிக்கை வந்திருக்கிறது. நம் நாட்டில் இப்பணிக்கென 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோன்றியது. 2005-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

பள்ளியில் நமக்கு மதிப்பெண் பட்டியல் இருப்பது போல, கடன் வாங்கியோருக்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் உண்டு. வெள்ளானூரில் வண்டிக்கும் வீட்டுக்கும் மாதத் தவணை கட்டும் குடும்பங்கள் பல. தவணை தவறினால், எத்தனை நாள் தவறியது என்பதும் அறிக்கையில் ஏறிவிடும். 90 நாட்களைக் கடந்தால் அது வாராக்கடன் ஆகிறது. பின்னர் புதுக்கடன் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வட்டி கூடலாம்.

இது பெரியவர்களின் கவலை மட்டுமன்று. கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிடுவதால் அவர்களின் அறிக்கையையும் வங்கி பார்க்கும். கேரளத்தில் மாணவர் ஒருவருக்குப் பழைய கடன் நிலுவையால் கல்விக் கடன் மறுக்கப்பட்டது. மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் அதை மறுக்கலாகாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் கூறி, கடனை வழங்கப் பணித்தது. ஆனால் வேலை விஷயத்தில் நிலை வேறு. கடன் தவணை தவறிய ஒருவரின் வங்கி அதிகாரி நியமனம் ரத்தானது. கடனை அடைத்துவிட்டதாக அவர் எடுத்துரைத்தும், வங்கியின் முடிவு செல்லும் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் அன்னையர் இரண்டு செய்திகளைச் சிறப்பாக அறிய வேண்டும். முதலாவது, அண்டை வீட்டாருக்காக ஜாமீன் கையொப்பமிட்டு, அவர் கட்டத் தவறினால், கறை ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் படியும். இரண்டாவது, பாதித் தொகை பேசித் தீர்த்த கடன், முழுதும் அடைத்த கடனாக எழுதப்படுவதில்லை. 'தீர்த்துக்கொள்ளப்பட்டது' என்ற குறிப்பே நிற்கும். அதை வங்கிகள் குறையாகவே கொள்கின்றன.

கறை படிந்துவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. நிலுவையை அடைத்து, பின்வரும் தவணைகளை நாள் தவறாமல் செலுத்தி வந்தால் மதிப்பெண் மெல்ல உயரும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை 2017 முதல் நமக்கு உண்டு. அதில் நாம் வாங்காத கடனோ, அடைத்த பின்னும் நீங்காத நிலுவையோ இருந்தால் புகார் செய்யலாம். 30 நாட்களுக்குள் புகார் தீராவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டுள்ளது.

ஆகவே, கல்லூரி விண்ணப்பம் வாங்கும் காலம் வரை காத்திராமல், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருநாள் சேர்ந்தமர்ந்து அறிக்கையைப் படித்துப் பார்ப்போமாக. பிழையைத் திருத்தவும் தவணையைச் சீர்செய்யவும் அப்போதுதான் போதிய அவகாசம் இருக்கும்.