நெல் ஓரிடம், ஏற்பாடு ஓரிடம்

திருவரங்கம் கோயிலில், செங்கல்லால் வட்டமாகக் கட்டிய உயரமான நெற்களஞ்சியங்களைப் பார்த்திருக்கிறீர்களா? நெல் அவற்றுக்குள் இருந்தது. ஆனால் எந்த விளக்குக்கு எவ்வளவு பொன், எந்தப் படையலுக்கு எந்த நிலம் என்ற ஏற்பாடுகள் கோயில் சுவர்களில் கல்வெட்டாக நிற்கின்றன. இங்கே 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. நெல் நாளும் வரும், போகும். ஏற்பாடு எப்போதாவதுதான் மாறும். ஆகவே இரண்டுக்கும் இடம் வேறு.

கணிப்பொறியிலும் இந்தப் பிரிவினை உண்டு. ரயில் முன்பதிவு, தேர்வு மதிப்பெண் போன்ற விவரங்களைச் சேமித்து, கேட்டபோது எடுத்துத் தருவது தரவுத்தளச் சேவையகம். அது எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தலாம், யாரை உள்ளே விடலாம் என்பவற்றைச் சிறு கோப்புகளில் எழுதி வைப்பார்கள். இவையே அமைவுக் கோப்புகள். சேவையகம் இயங்கத் தொடங்கும்போது இவற்றைப் படித்தே தன் வேலையை அறிகிறது.

இவற்றை எங்கே வைப்பது? ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளம், இயல்பாக, தரவு உள்ள அடைவிலேயே இவற்றையும் வைக்கிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளிலோ தரவு ‘வார்’ அடைவிலும், அமைவு ‘ஈடிசி’ அடைவிலும் இருக்கும். பிரித்து வைப்பதால் தரவைத் தொடாமலே அமைவைத் திருத்தலாம். என்று, எதை மாற்றினோம் என்ற வரலாற்றையும் எளிதில் காக்கலாம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தரவு அடைவை மட்டும் நகலெடுத்தால் அமைவு பின்தங்கிவிடும். ஒருநாள் கணிப்பொறி பழுதாகிறது. நகலைப் புதிய கணிப்பொறியில் ஏற்றுகிறீர்கள். மதிப்பெண்கள் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆயினும் சேவையகம் வெளியிலிருந்து வரும் எவரையும் ஏற்பதில்லை. பகிர்நினைவகமும் இயல்பான 128 மெகாபைட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. பல மாதங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு போய்விட்டது!

ஆகவே வைப்பது தனித்தனியே, நகலெடுப்பது இரண்டையும். அந்த நகலும் அதே கட்டடத்தில் இருக்கக்கூடாது. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே சரிந்தன. தீவில் ஒரு பிரதி இருந்தால், ஆற்றைக் கடந்து வெகுதொலைவில் மற்றொன்று இருக்கட்டும். கடவுச்சொற்களை மட்டும் அந்த நகலில் வெளிப்படையாக எழுதி வைக்காதீர்கள்.

உங்கள் கல்லூரியில் தரவுத்தளம் இருந்தால், ஆசிரியர் துணையுடன் அதன் நகலை வேறொரு கணிப்பொறியில் ஏற்றிப் பாருங்கள். அங்கே அது முன்போலவே இயங்கினால்தான் நகல் முழுமையானது.