மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் இரும்பைக் கவனியுங்கள்



தலசீமியா உள்ள பிள்ளைகளுக்காக நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு இத்தனை லட்சம் தேவை, ஜகாத் நிதியிலிருந்து உதவ வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். மருத்துவரின் கடிதம், ரத்தம் ஏற்றிய சீட்டுகள், ரேஷன் கார்டு நகல் எல்லாம் இணைத்திருப்பார்கள். கடைசியாகப் பார்த்த ஃபெரிட்டின் அளவு என்ன என்று கேட்டால்தான் பதில் வராது. சிலர் அந்தச் சோதனையையே செய்திருக்க மாட்டார்கள். வேறு சிலர், மாற்று சிகிச்சைதான் நடக்கப் போகிறதே என்று இரும்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். அந்த மாத்திரை ஏன் முக்கியம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தலசீமியா மேஜர் உள்ள பிள்ளையின் உடலில் சிவப்பணுக்கள் சரியாக உருவாவதில்லை. அதனால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றுகிற சிவப்பணுக்களில் ஒரு மில்லிக்குச் சுமார் 1 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 300 மில்லி என்று வைத்துக்கொண்டாலும், ஒரே வருடத்தில் மூன்றரை கிராமுக்கு மேல் இரும்பு உடலுக்குள் போய்விடுகிறது. வளர்ந்த ஓர் ஆணின் உடல் முழுவதிலும் இருக்கும் இரும்பே 3 முதல் 4 கிராம்தான். உள்ளே போனது வெளியேற வழியும் இல்லை. சிறுநீரிலோ வியர்வையிலோ கூடுதல் இரும்பைத் தள்ளிவிடும் ஏற்பாடு மனித உடலில் கிடையாது. ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் தானாகக் கழிவதோடு சரி.

ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்ல ஒரு புரதம் இருக்கிறது. அதன் சுமை நிறைந்துவிட்டால், கட்டுப்படாத இரும்பு தனியாகச் சுற்றத் தொடங்குகிறது. இரும்பு நமக்குத் தேவையான சத்துதான், ஆனால் கட்டற்ற நிலையில் அது நஞ்சு. அது உயிரணுக்களின் சவ்வை அரிக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. முதலில் ஈரலில் படிகிறது, பிறகு இதயத்திலும் கணையத்திலும் மூளையடிச் சுரப்பியிலும் படிகிறது. பிள்ளை உயரமாகாமல் போவதும், வயதுக்கு வருவது தள்ளிப்போவதும், சிறு வயதிலேயே சர்க்கரை வருவதும் இதனால்தான். இதயத்தில் படிந்தால் உயிருக்கே ஆபத்து.

மஜ்ஜை மாற்று என்றால் கத்தி வைக்கும் ஆபரேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடுமையான மருந்துகளைக் கொடுத்துப் பிள்ளையின் பழைய மஜ்ஜையை முதலில் அழிப்பார்கள். பிறகு, பொருந்துகிற ஒருவரிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சிக்கல் வருவது அந்த மருந்துகளில்தான். அவற்றின் தாக்கத்தைத் தாங்க வேண்டிய முக்கியமான உறுப்பு ஈரல். ஏற்கெனவே இரும்பு படிந்து வீங்கிய ஈரலில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டால் வயிற்றில் நீர் கோக்கும், மஞ்சள் காமாலை வரும், எடை திடீரென்று கூடும். பழைய மஜ்ஜை அழிந்திருக்கும் அந்த நாட்களில் இரும்பைப் பயன்படுத்திக்கொள்ள மஜ்ஜையும் இல்லாததால் கட்டற்ற இரும்பு இன்னும் கூடுகிறது. எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்திருக்கும் அந்த நேரத்தில், சில பூஞ்சைகளுக்கும் கிருமிகளுக்கும் அதே இரும்பு தீனியாகிறது.

இத்தாலியின் பெஸாரோ நகரில் மருத்துவர் குயிடோ லூக்கரெல்லியும் குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஈரல் வீங்கியிருக்கிறதா, ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பு நீக்கும் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளால் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். மூன்றிலும் குறையில்லாத பிள்ளைகள் பிழைத்திருக்கும் வாய்ப்பு 94 சதவீதம், மூன்றிலும் குறை இருந்த பிள்ளைகளுக்கு 61 சதவீதம். இது பழைய கணக்கு, இன்று நிலைமை பரவாயில்லை. ஆனாலும் மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். மருந்தை ஒழுங்காகக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களின் கையில்தான் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986-இலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. அங்கு வருகிற பிள்ளைகள் பலர் தாமதமாகவும், போதிய இரும்பு நீக்க மருந்து இல்லாமலும் வந்தார்கள். அவர்களைக் கவனித்த மருத்துவர்கள், 7 வயதைத் தாண்டி, ஈரல் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வீங்கியிருக்கும் பிள்ளைகளை மிக அதிக ஆபத்துள்ளவர்கள் என்று தனியே வகுத்தார்கள். அவர்களுக்கு ஈரலைக் குறைவாகப் பாதிக்கும் ட்ரியோசல்ஃபான் என்ற மருந்தைப் பழைய மருந்துக்குப் பதிலாகக் கொடுத்து நல்ல முன்னேற்றம் கண்டார்கள். மருத்துவம் வளர்ந்திருக்கிறது என்பது உண்மை. அதற்காக ஈரலைக் கெடுத்துக்கொண்டு போய் நிற்கலாம் என்று ஆகாது.

மாற்று வெற்றியாக முடிந்த பிறகும் பழைய இரும்பு உள்ளேயேதான் இருக்கும். அதை மருந்தாலோ, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை வெளியே எடுத்தோ குறைப்பார்கள். இத்தனை வருடம் ஏற்றிய ரத்தத்தை இப்போது எடுக்கிறார்களே என்று தாய்மார்கள் பதற வேண்டாம். புது மஜ்ஜை நன்றாக வேலை செய்வதால்தான் எடுக்க முடிகிறது.

இரும்பை நீக்கும் மருந்துகள் மூன்று. டெஸ்ஃபெராக்ஸமின் என்பது தோலுக்கடியில் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் ஊசி. டெஃபெரிப்ரோன் மாத்திரை 1990களின் நடுவிலேயே இந்தியாவில் கிடைக்கத் தொடங்கியது. இதைச் சாப்பிடும் பிள்ளைக்கு வெள்ளணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். டெஃபெராசிராக்ஸ் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். அதற்குச் சிறுநீரகச் சோதனை அவசியம். ரமலானில் நோன்பு வைக்க ஆசைப்படும் பெரிய பிள்ளைகள் இந்த மாத்திரையைத் தாங்களாகவே ஒரு மாதம் விட்டுவிடுகிறார்கள். அது கூடாது. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும் என்பதால் நோன்பு வைக்கலாமா, வைத்தால் மாத்திரையை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

ஃபெரிட்டின் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வது நல்லது. பொதுவாக 1000-க்குக் கீழே கொண்டுவர மருத்துவர்கள் முயல்கிறார்கள். 2500-க்கு மேல் தொடர்ந்து நின்றால் இதயத்துக்கு ஆபத்து. ஈரலிலும் இதயத்திலும் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளக்கலாம்.

பிள்ளை வெளுத்திருக்கிறதே என்று கடையில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பதும், அயச்செந்தூரத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் நம் மஹல்லாக்களில் சாதாரணம். ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளைக்கு இவை நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவது போல. நன்னிமார்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கணவன் மனைவி இருவரும் இக்குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் நோயுள்ள பிள்ளை பிறக்கலாம். ஹெச்.பி.ஏ.2 என்ற ரத்தச் சோதனையை நிகாஹ் பேசும் முன்பே செய்துவிடலாம். நோய் வந்த பிறகு அதே சொந்தம் ஒரு வகையில் உதவவும் செய்கிறது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். ஆனால் சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் பெற்றோரோ மற்ற உறவினரோ பொருந்துவதும் உண்டு. அதனால் சோதனையை உடன்பிறந்தவர்களோடு நிறுத்திவிட வேண்டாம்.

பண விஷயத்துக்கு வருவோம். தலசீமியா பிள்ளைகளின் மாற்று சிகிச்சைக்குக் கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் தொடங்கிய பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வயது, வருமான வரம்பு இருப்பதால் சிகிச்சை தரும் மருத்துவமனையிலேயே கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெரிய தொகைக்கு இப்படிச் சில வழிகள் இருக்கின்றன. மாதாமாதம் மாத்திரைக்கும் சோதனைக்கும் ஆகும் சிறு தொகைக்குத்தான் குடும்பங்கள் திண்டாடுகின்றன. ஆகவே, தலசீமியா மனுக்களில் இனி மாத்திரைக்கும் ஃபெரிட்டின் சோதனைக்கும் முதலிடம் கொடுக்க நமது நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மாற்று சிகிச்சைக்கு விண்ணப்பிப்பவர்கள் கடைசி ஆறு மாத ஃபெரிட்டின் அறிக்கை, ஈரல் ஸ்கேன் அறிக்கை, மாத்திரை வாங்கிய சீட்டுகள் ஆகியவற்றை மனுவுடன் கொண்டுவரவும். அறிக்கை கையில் இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டாம். பிள்ளையின் ரத்தம் ஏற்றிய சீட்டோடு வந்தால் முதல் சோதனைக்கான செலவை அறக்கட்டளையே ஏற்றுக்கொள்ளும்.