ஏழு வீடு மாற்றும் பூனை... அடுத்தது உங்கள் வீடா?

விடிந்தும் விடியாத நேரம். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்தோ, ஓட்டு வீட்டுப் பரணிலிருந்தோ மெல்லிய குரலில் ஒரு ‘மியாவ்’. தேடிப் போனால், கண்கூடத் திறக்காத ஒரு குட்டி. ‘ஆயா, இதோட அம்மாவைக் காணோம் ஆயா... பாவம், நாமளே வளக்கலாமா?’ என்று பேரப்பிள்ளை கெஞ்சும். ‘தொடாத. பூனை ஏழு வீடு மாத்தும். அது வந்து தூக்கிட்டுப் போயிடும்’ என்பார் ஆயா.

திண்டிவனம் - புதுச்சேரி நெடுஞ்சாலைக்கும் ஆரோவில்லுக்கும் இடையில் இருக்கும் இரும்பையில், சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கும் அந்த ஊரில், இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி. வடக்கே மரக்காணம் வரை போனால் உப்பளமும் மீனவக் குப்பமும். உள்ளே வந்தால் நெல் மூட்டை அடுக்கிய வீடுகள். எலிக்கும் மீன் தலைக்கும் பஞ்சமில்லாத இடத்தில் பூனைக்கு மட்டும் எப்படிப் பஞ்சம் வரும்?

ஆயா சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஏழு என்ற கணக்கு வேண்டுமானால் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஆள் நடமாட்டமோ நாய் வாடையோ தெரிந்தால் தாய்ப்பூனை இடம் மாற்றும் என்பது உண்மை. அதற்கு இருப்பது ஒரே வாய். ஒவ்வொரு குட்டியாகத்தான் கவ்விக்கொண்டு போக முடியும். நம் கண்ணில் தனியாகப் படும் குட்டி, பல நேரம் அநாதை அல்ல; தன் முறைக்காகக் காத்திருக்கும் குட்டி. அதைப் பரிதாபப்பட்டு நாம் வீட்டுக்குள் தூக்கி வந்துவிட்டால், திரும்பி வரும் தாய் வெறும் இடத்தைத்தான் பார்க்கும். ‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்று சும்மாவா சொன்னார்கள்!

அதனால், முதல் வேலை எதுவும் செய்யாமல் தள்ளி நிற்பதுதான். நாம் பக்கத்தில் நின்றால் தாய் வராது. வயிறு நிறைந்து, சுத்தமாக, அமைதியாகத் தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது என்று நம்பலாம். சந்தேகமாக இருந்தால், குட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவைத் தூவி வையுங்கள். தாய் வந்து போனால் காலடி காட்டிக்கொடுத்துவிடும். மழை, வெயில், நாய் என்று ஆபத்து இருந்தால், குட்டியின் சத்தம் தாய்க்குக் கேட்கும் தூரத்திலேயே ஓர் அட்டைப்பெட்டியில் ஒதுக்கி வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது.

சில மணி நேரம் ஆகியும் யாரும் வரவில்லை. குட்டி அழுக்காக, தொட்டால் ஜில்லென்று, விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. அல்லது தாய் ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அப்போது தூக்கத்தான் வேண்டும்.

பால் அல்ல, சூடு

தூக்கியதும் எல்லோரும் செய்வது, கிண்ணத்தில் பசும்பால் வைப்பது. பூனை என்றால் பால் என்று நம் மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. பாற்கடலையே நக்கித் தீர்க்கக் கிளம்பிய பூனைக்குத் தன்னை ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னவர் கம்பர். ஆனால் நிஜப் பூனைக்குட்டிக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்வதில்லை. வயிற்றால் போகும். பிறக்கும்போது சுமார் நூறு கிராம் இருக்கும் உடம்பிலிருந்து நீர் வெளியேறினால் தாங்குமா?

அதற்கும் முன்னால் சூடு. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது புகட்டினால் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

பிறகுதான் உணவு. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழே இருக்கும்படி வைத்துப் புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் இரண்டு வாரம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்கு மாற்று அது. அதைச் செய்யாவிட்டால் இந்த வயதுக் குட்டியால் தானாக ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக முடியாது.

வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் தினமும் நிறுத்து எழுதுங்கள். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால் சரி. ஏறாமல் நின்றாலே டாக்டரிடம் போக வேண்டிய நேரம். உள்ளூர் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. முடியாவிட்டால் புதுச்சேரி குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டு மருந்து டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் சிலவும் அப்படித்தான்.

இவ்வளவு பார்த்தும் சில குட்டிகள் பிழைக்காது. தாயில்லாக் குட்டிகளில் இது சகஜம். ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அந்தக் காலைப்பொழுது கொடுமையானது. பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

பிழைத்த குட்டிகள் அதிவேகம். ஒன்று இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் தள்ளாடி நடக்கும், நான்காவது வாரம் மணல் தட்டைக் கண்டுபிடித்துவிடும். அப்போது குழைவான உணவு ஆரம்பிக்கலாம். மீன் என்றால் வேகவைத்து, முள் எடுத்து, உப்பில்லாமல். கருவாடு வேண்டாம், எவ்வளவு கத்தினாலும்.

கீறினாலோ கடித்தாலோ, ‘குட்டிதானே’ என்று விடக்கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய் ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

கொடுக்கத்தான் வளர்ப்பது

இப்படி வளர்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்டர்’ என்று பெயர். குட்டி தேறும்வரை இடம் கொடுத்து, நல்ல வீடு பார்த்து அனுப்பிவைப்பது. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து கன்டெய்னரில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திறங்கிய பூனையை நினைவிருக்கிறதா? கொரோனா பயத்தில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். விலங்கு நல அமைப்புகள் எதிர்த்தன. கடைசியில் ஏப்ரலில் கூண்டிலிருந்து விடுதலை கிடைத்தது. அந்தப் பூனைக்குத் தேவைப்பட்டதும் இடையில் தாங்கிக்கொள்ள ஓர் இடம்தான்.

எடுத்த குட்டிகளையெல்லாம் தானே வைத்துக்கொள்ளும் வீட்டில், அடுத்த குட்டிக்கு இடம் இருக்காது. நான்கைந்து மாதத்திலேயே பெண் பூனை சினையாகிவிடும். சினைக்காலம் இரண்டு மாதம்தான். கருத்தடை செய்யாமல் விட்டால் ஒரு வருடத்தில் பரண் முழுக்கப் பூனை.

தேறிய பூனையை வெளியில் அவிழ்த்துவிடுவதும் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வீட்டில் வயிறாரச் சாப்பிட்டாலும் பூனை வேட்டையாடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே போனால், மாமல்லபுரம் சிற்பத்தில் எலிகள் சூழத் தவம் செய்கிறதே ஒரு பூனை, அதை நம்பலாமா என்று பல்லவச் சிற்பிக்கே தெரிந்திருக்கிறது.

எட்டு வாரத்துக்கு முன் அனுப்ப வேண்டாம். முதல் தடுப்பூசி போட்டு, வாங்கிக்கொள்பவரின் வீட்டை ஒரு தடவை நேரில் பாருங்கள். கிணற்றுக்கு மூடி உண்டா? நாய் இருக்கிறதா? உரிய வயதில் கருத்தடை செய்வார்களா? கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். கூடப் பிறந்த இரண்டை ஒன்றாகவே கொடுத்தால் இரண்டும் ஏங்காது. குட்டி படுத்திருந்த பழைய துணியையும் கூடவே அனுப்புங்கள். புது வீட்டில் முதல் இரண்டு ராத்திரி அந்த வாடையில்தான் அது தூங்கும்.

பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். ஒரு வாரம் கழித்து, போன வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். அதற்குள் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.