குதிரையின் மேல் விழுந்த பட்டைகள்

மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி. அதன் முன்கூடத்தில் பெரிய கித்தான் படம் ஒன்று தொங்கிற்று. குதிரை வீரர்கள் கோடரியை ஓங்கியபடி கூட்டத்தின் மேல் பாய்கிறார்கள். கீழே குழந்தையை அணைத்தபடி ஒரு தாய். என்னுடன் வந்த அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்தக் குதிரை வரிக்குதிரையா?" என்று கேட்டாள். உண்மைதான். குதிரையின் விலாவிலும் அந்தத் தாயின் முகத்திலும் கருமையும் வெண்மையுமாக அகலமான பட்டைகள் தெரிந்தன. ஓவியர் அப்படி வரையவில்லை. பின் அவை எங்கிருந்து வந்தன?

முதலில் படத்தின் கதையைப் பார்ப்போம். 1819 ஆகஸ்ட் 16 அன்று, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் ஒரு திடலில் அமைதியாகக் கூடினர். அவ்வளவு பெரிய நகருக்கு அப்போது நாடாளுமன்றத்தில் தனக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. கூட்டத்தின்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. இறந்தோர் 18 பேர் என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் கணக்கு. காயமுற்றோர் பல நூற்றுவர். வாட்டர்லூ போரைக் குத்திக் காட்டி, இதற்குப் பீட்டர்லூ என்று பெயர் வைத்தார்கள். புகைப்படக் கலை உலகறிய வந்தது 1839-ல்தான். ஆகவே நடந்ததை நாட்டுக்குக் காட்டியவை ஜார்ஜ் குரூக்ஷாங்க் போன்றோரின் அச்சுப் படங்களே. முகம் மறைந்தால் சாட்சியத்தில் ஒரு பகுதி போயிற்று என்று பொருள்.

இத்தகைய படத்தைச் செய்யும் முறை சுவையானது. செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் அதைக் கீறி வரைவார்கள். பிறகு தகட்டை நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். மெழுகு உள்ள இடத்தை அமிலம் தொடாது. கீறிய இடத்தில் மட்டும் செம்பைத் தின்னும். அதிக நேரம் தின்றால் கோடு ஆழமாகும், அச்சில் கருமையும் கூடும். பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறித் தாளில் ஏறிவிடும். நம் மாமல்லபுரத்துப் பாறைகளையும் கோயில்களையும் டேனியல் என்ற குடும்பப் பெயருடைய இரு ஓவியர்கள் இந்தக் கலையின் மற்றொரு வகையில்தான் அச்சிட்டு, 1795-க்கும் 1808-க்கும் இடையில் லண்டனில் வெளியான தொகுதிகளில் சேர்த்தார்கள். அவர்கள் பிசின் தூளைத் தகட்டில் தூவி உருக்கிக்கொண்டதால் கோடில்லாமலே நிழல் கிடைத்தது.

குரூக்ஷாங்க் படத்தில் பிசின் நிழல் இல்லை. அதில் நிழல் என்பது நெருக்கமான இணைகோடுகளே. நம் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கித்தான் பருத்தி நூலால் நெய்தது. ஒரு சென்டிமீட்டரில் 15 இழைகள் என்று கொள்வோம். பெரிதாக்கிய படத்தில் நிழற்கோடுகள் சென்டிமீட்டருக்கு 14 என்றும் கொள்வோம். ஓரிடத்தில் கோடு இழையின் முகட்டில் விழுகிறது. அடுத்தடுத்துச் சிறிது சிறிதாக விலகி, அரை சென்டிமீட்டர் தள்ளி இழைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. முழு சென்டிமீட்டரில் மறுபடி முகட்டுக்கு வந்துவிடுகிறது. ஆக, சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை. 256, 260 அதிர்வெண்ணுள்ள இரு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால் நொடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும் அல்லவா? அதே கழித்தல் கணக்குத்தான். காதுக்குப் பதில் கண்.

"தள்ளி நின்று பார்த்தால் மறையாதா?" என்றாள். மறையாது, இன்னும் மோசமாகும். நம் கண் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. மூன்று மீட்டர் தொலைவில் அது சுமார் 0.9 மில்லிமீட்டர். கோடுகளின் இடைவெளியோ 0.7 மில்லிமீட்டர். எனவே கோடுகள் கரைந்து சாம்பல் நிறமாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் பட்டைகள் மட்டும் நிற்கும்.

குற்றம் கித்தானுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. படத்தைக் கணினிக்காக வருடும்போது அதைப் புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு கோட்டுக்கும் அதை அடுத்த வெளிக்கும் சேர்த்துக் குறைந்தது இரண்டு புள்ளிகளுக்கு மேலாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் பொய்ப் பட்டைகள் அப்போதே பதிவாகிவிடும். எதில் அச்சிட்டாலும் போகாது. நன்றாக வருடி, வழவழப்பான தாளில் அச்சிட்டிருந்தால் அந்தத் தாயின் முகம் தப்பியிருக்கும். கித்தானில் கோட்டுப்படத்தை அச்சிடுவது எனக்கு உடன்பாடில்லை, அதிலும் கடலோரத்தில். உப்புக்காற்றின் ஈரத்தில் பருத்தி தளர்வதும் இறுகுவதுமாக இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள்; ஒரு மடிப்பை மெல்லத் திருப்புங்கள். பட்டைகள் அகன்றும் குறுகியும் ஓடும். மாமல்லபுரம் மணலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காயும் நைலான் வலைகளிலும் இதே அலைகளைக் காணலாம். கித்தான் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: கைப்பேசியை அசைத்ததும் நகரும் பட்டைகள் அதன் புள்ளிக்கட்டத்தால் வந்தவை. நகராமல் நிற்பவைதான் படத்தில் உள்ளவை. அன்று அவள் அசைத்துப் பார்த்தாள். குதிரையின் பட்டைகள் அசையவில்லை.