இரத்தினக்கல் தொழிலின் கிளைகளும் அவற்றின் மாற்றமும்

சபரகமுவ மாகாணத்தின் தலைநகருக்கு இரத்தினபுரி என்னும் பெயர் காரணம் பற்றியே அமைந்தது. தேயிலையும் இறப்பரும் மூடி நிற்கும் மலைச்சரிவுகளின் அடிவாரத்திலும், களுகங்கையும் அதன் துணையாறுகளும் பாயும் பள்ளத்தாக்குகளிலும், நீலமும் புட்பராகமும் வைடூரியமும் பிறவும் மண்ணுள் மறைந்து கிடக்கின்றன. அக்கற்களின் அழகைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை அகழ்ந்தும் தீட்டியும் சுட்டும் ஆராய்ந்தும் பிழைப்போரின் தொழிற்கிளைகள் சென்ற அரை நூற்றாண்டில் எவ்வாறு மாறின என்பதையும், அம்மாற்றத்தால் ஊதியம் எக்கையினின்று எக்கைக்குச் சென்றது என்பதையும் எடுத்துக் கூறுவதே நோக்கமாகும். தோட்டப் பகுதிகளில் வாழும் நம் பிள்ளைகள் கற்கவேண்டிய பாடமொன்றும் இதில் அடங்கியுள்ளது.

முதற்கிளை அகழ்வு. பழைய மலைப்பாறைகள் நெடுங்காலமாகச் சிதைய, அவற்றின் துகள்கள் நீரால் அடித்துவரப்பட்டுப் பள்ளங்களிற் படிந்தன. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளின் நிறவேறுபாடுகளே. நீரினும் நான்கு மடங்கு பாரமுடைய குருந்தம் அடியில் தங்கிவிட, பாரங் குறைந்த மணலும் களியும் எளிதில் அடித்துச் செல்லப்பட்டன. இவ்வாறு பாரமான கற்கள் திரண்ட சரளைப் படையை இப்பகுதியார் ‘இல்லம்’ என்பர். குழியின் சுவர் சரியாதவாறு மரங்களையும் தழைகளையுங் கொண்டு அணைகட்டி, ஊறும் நீரை இறைத்து, இல்லத்தை மேலே தூக்கிக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றுவர். இலேசானவை வெளியேறப் பாரமானவை கூடையின் அடியில் எஞ்சும். கிடைத்த கல்லை விற்ற பணத்தை நிலமுடையவர், முதலிட்டவர், நீரிறைக்கும் பொறியைத் தந்தவர், குழியில் இறங்கியவர் ஆகியோர் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். பங்கின் அளவு இடத்துக்கிடம் வேறுபடினும், நிலமும் முதலும் இல்லாதவனுக்கு உழைப்பின் பங்கு ஒன்றே உரியது.

இரண்டாவது கிளை பட்டை தீட்டுதல். இரத்தினபுரியிலும் பேருவளையிலும் வாழும் முஸ்லிம் மக்கள் இக்கலையிலும் கல் வணிகத்திலும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவர்கள். தமிழே அவர்தம் வீட்டு மொழி. பழைய முறையில், வலக்கையால் ஒரு வில்லை முன்னும் பின்னும் இழுக்க, அதன் நாண் சுற்றிய அச்சுச் சுழலும். அச்சில் செங்குத்தாகப் பொருத்திய உலோகத் தட்டின்மீது இடக்கையாற் கல்லை அழுத்தித் தேய்ப்பர். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையிலுள்ள குருந்தத்தைத் தேய்க்கக் குருந்தப் பொடியே பயன்பட்டது. கோணத்தை அளக்கக் கருவியில்லை. கண்ணும் விரலுமே கருவிகள். கல்லின் நிறையைக் காப்பதே அக்காலத் தொழிலாளியின் முதற் கவலை. நீலக்கல்லில் நிறம் ஒரு மூலையில் மட்டும் திரண்டிருப்பதுண்டு. அந்நிறப்புள்ளி கல்லின் அடிமுனையில் அமையுமாறு தீட்டினால், மேலிருந்து நோக்குங்கால் கல் முழுவதும் நீலமாகத் தோன்றும். இந்நுட்பத்தைத் தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாகவே கற்பித்தான்.

மூன்றாவது கிளை சுடுதல். மாணிக்கத்திற் கலந்துள்ள நீலச்சாயலை நீக்குதற்பொருட்டு, அதனைக் கரிநெருப்பில் வைத்து ஊதுகுழலால் நெடுநேரம் ஊதிச் சூடாக்கும் வழக்கம் இந்நாட்டிற் பன்னெடுங் காலமாக இருந்து வந்தது. ஆயினும் அது சிலவகைக் கற்களுக்கே ஏற்ற சிறுதொழிலாக இருந்தது. ஊதுகுழலின் வெப்பம் ஓரளவுக்கு மேல் உயராமையே காரணம்.

தொழில் முழுவதையும் புரட்டிப் போட்டது இந்த மூன்றாவது கிளையே. சிங்களத்தில் ‘கெவுட’ எனப்படும் ஒருவகைக் குருந்தம் இங்கே மிகுதியாகக் கிடைக்கும். பால் கலந்த நீர்போல மங்கிய நிறமுடைய அதனை முன்னாளில் எவரும் மதித்திலர். அற்ப விலைக்கே அது கைமாறிற்று. 1970ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து வணிகர் இக்கல்லைத் திரள்திரளாக வாங்கிச் செல்லத் தொடங்கினர். தம் நாட்டு உலைகளில் அதனை ஏறக்குறைய 1,600 முதல் 1,800 பாகை செல்சியசு வரை சூடாக்கி, உயர்ந்த நீலக்கல்லாக மாற்றி உலகச் சந்தையில் விற்றனர். விற்றவனுக்குக் கிடைத்ததோ மங்கிய கல்லின் விலை. சுட்டவனுக்குக் கிடைத்தது நீலத்தின் விலை.

இம்மாற்றத்தில் மாயம் ஏதுமில்லை. கெவுடவை மங்கச் செய்வது அதனுள் நிறைந்திருக்கும் உரூட்டைல் என்னும் தைத்தேனியம் ஒட்சைட்டின் நுண்ணிய ஊசிகளாகும். மிகுந்த வெப்பத்தில் அவ்வூசிகள் குருந்தத்துள் கரைந்துவிடக் கல் தெளிவடைகின்றது. ஒட்சிசன் குறைந்த சூழலில் இவ்வாறு சூடாக்குங்கால், கரைந்த தைத்தேனியமும் கல்லில் முன்னரே உள்ள இரும்பும் சேர்ந்து நீல நிறத்தைத் தருகின்றன. ஒட்சிசன் மிகுந்த சூழலிலோ நீலம் குன்றும். சில கற்களில் மஞ்சள் நிறம் ஓங்கும். ஆகவே உலைத்தொழிலாளி கல்லின் உள்ளமைப்பைக் கண்டு, வெப்பத்தையும் காற்றையும் நேரத்தையும் அதற்கேற்ப வகுக்க வேண்டியவனானான். பின்னர் இலங்கையரும் இவ்வித்தையைக் கற்று இங்கேயே உலைகளை அமைத்தனர். எனினும், அறிவு வந்து சேருமுன் நாடு விட்டுப் போன கற்கள் மீண்டும் வரப் போவதில்லை.

சுடுதலில் நேர்ந்த மாற்றத்தைப் போன்றே தீட்டுதலிலும் மாற்றம் நேர்ந்தது. குருந்தத்தின் ஒளிமுறிவுக் குணகம் 1.76 முதல் 1.77 வரையாகும். அதனின்று கணித்தால் அதன் அவதிக் கோணம் ஏறக்குறைய 34½ பாகை எனப் பெறப்படும். கல்லின் அடிப்பட்டைகள் இதனினுஞ் சரிவு குறைந்து அமைந்தால், மேலிருந்து புகும் ஒளி உட்டெறிப்படையாது கீழே ஒழுகிவிடும். கல்லின் நடுவில் வெறுமையான சாளரம் போன்ற தோற்றம் உண்டாகும். நிறையைக் காக்கத் தீட்டிய கற்கள் பலவற்றை அயல்நாட்டார் மறுபடியுந் தீட்டினர். மின்னாற் சுழலும் தட்டும், கோணத்தை அளந்து நிறுத்தும் கைப்பிடியும் வந்தபின், பாகைக் கணக்கறிந்த தொழிலாளிக்கு மதிப்பு உயர்ந்தது. ஆயினும் பழையவனின் கண் வீணாகிவிடவில்லை. நிறப்புள்ளியை எங்கே நிறுத்துவதென்பதைப் பொறி தானாகக் கூறாது. கண்ணும் கணிதமும் ஒருவரிடத்தே சேர்வதே இன்று வேண்டப்படுவது.

நான்காவது கிளை பரிசோதனை. கல்லின் குற்றங்குணங்களை ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று. மதுரை மாநகரில் நவமணிகள் விற்ற வீதியையும் மணிகளின் குற்றம் தேர்ந்த வணிகரையும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை விரித்துரைப்பதை இந்துக் கல்லூரியிற் பயின்றோர் அறிவர். இன்று கண்ணுக்கு எட்டாத குற்றங்களும் வந்துவிட்டன. 2001ஆம் ஆண்டளவில், செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்புக் கற்கள் தாய்லாந்திலிருந்து ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. இலங்கைக்குப் புகழ் தந்த பத்மராகக் கல்லைப் போலவே அவை தோன்றின. பெரிலியம் என்னும் தனிமத்தை வெப்பத்தாற் கல்லினுட் செலுத்தி அந்நிறம் உண்டாக்கப்பட்டதெனப் பின்னரே தெளிவாயிற்று. மிக நுண்ணிய அளவிலுள்ள அத்தனிமத்தை ஐயமறக் காண உயர்ந்த ஆய்வுக்கருவிகள் வேண்டும். அதுமுதல் ஆய்வுகூடச் சான்றிதழும் விலையைத் தீர்மானிக்கும் ஒரு பங்காளி ஆயிற்று. சூடேற்றாத கல்லென்னும் சான்று பெற்ற நீலத்துக்கு, அதனையொத்த சூடேற்றிய கல்லினும் மிக்க விலை கிடைக்கின்றது. அமெரிக்காவின் சிமித்சோனியன் நூதனசாலையில் 1971 முதல் இருந்துவரும் 422.99 கரட் நிறையுள்ள இலங்கை நீலக்கல் சூடேற்றப்படாததே.

அறிந்த கண் எதனைச் செய்யவல்லது என்பதற்கு இம்மாகாணமே சான்று. ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைவராயிருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டில், பலாங்கொடைப் பகுதிச் சரளையிற் கிடைத்த கரிய கற்கள் தோரியனைட்டு என்னும் புதிய கனிப்பொருளாக உலகுக்கு அறிமுகமாயின. எகலியகொடைப் பகுதியில் 1953இல் ஏக்கநாயக்க என்பார் கண்டெடுத்த பச்சைக்கல் 1961இல் அவர் பெயராலேயே ஏக்கனைட்டு எனப் பெயர் பெற்றது. கூடையில் எஞ்சும் கற்களைப் பலர் பார்க்கின்றனர். கற்றவன் அவற்றில் வேறொன்றைக் காண்கின்றான்.

இனி நம் தோட்டத்து இளைஞரின் நிலையைச் சிந்திப்போம். இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, பலாங்கொடைப் பகுதிகளில் நம்மவர் பல தலைமுறைகளாக இல்லத்தின் மேலேயே குடியிருந்து வருகின்றனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களால் லயத்தில் வாழ்வோரிற் பெரும்பாலோர்க்கு நிலவுரிமை கிடைத்திலது. நிலமின்மையால் நிலப்பங்கில்லை, பணமின்மையால் முதற்பங்குமில்லை. எஞ்சியது குழியில் இறங்கும் கூலி ஒன்றே. அனுமதிப்பத்திரமின்றி இரவில் ஓடையோரத்தைத் தோண்டுவோருக்கோ மண்சரிவும் வழக்குமே காத்திருக்கின்றன.

ஆனால் மேற்கூறிய நான்கு கிளைகளுள் நிலமும் குழியும் வேண்டுவது முதலாவதற்கு மட்டுமே. தீட்டுதற்கும் சுடுதற்கும் பரிசோதனைக்கும் முதலில் வேண்டுவது பயிற்சி. அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிற்று. பின்னர் 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையும், அத்துறைக்கென ஓர் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமைக்கப்பட்டன. குடும்பத்துக்குள் மறைத்துக் காத்த வித்தைகள் இன்று வகுப்பறையிற் கற்பிக்கப்படுகின்றன. முன்னாளில் பிறப்பே வாயிலாக இருந்த தொழிலுக்கு இப்பொழுது கல்வியும் ஒரு வாயிலாகியுள்ளது.

அவ்வாயிலை நம் மாணவர் அடையப் பழைய மாணவர் செய்யக்கூடியன சில உள. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்வகுப்பு வரை தவறாது கற்பிக்கப்படல் வேண்டும். ஒளிமுறிவைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு சிறு குருந்தக் கல்லையும் வகுப்புக்குக் கொண்டு சென்றால், காலடியிலுள்ள பொருளுக்கும் கையிலுள்ள நூலுக்கும் உள்ள தொடர்பு மாணவர்க்கு விளங்கும். பயிற்சிக்குச் செல்லும் ஏழை மாணவனின் போக்குவரத்துச் செலவையும் உணவுச் செலவையும் நம் சங்கம் ஏற்குமாயின், அது இவ்விழாவின் நிலைத்த நினைவுச் சின்னமாகும். கெவுடவைக் கல்லென்று கொடுத்து நீலமென்று திரும்ப வாங்கிய கதை ஒருமுறை நடந்தது. நம் பிள்ளைகள் வரையிலேனும் அது மறுபடி நிகழாதிருக்கட்டும்.