மின்சார முச்சக்கர வண்டியை நாமே அமைக்கலாமா?

சங்கப் பண்டகசாலையிலிருந்து நெசவாளர் வீட்டுக்கு நூல் சிப்பமும், அங்கிருந்து சங்கத்திற்கு நெய்த துணியும் போய்வந்த வண்ணம் இருக்கின்றன. விவசாயியின் காய்கறி மூட்டைகளோ விடியுமுன் சந்தையை அடைந்தாக வேண்டும். தூரம் பெரிதன்று, சுமையும் ஒரு லாரிக்குப் போதியதன்று. எனினும் கூலிவண்டிக்குக் கொடுக்கும் பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்து வருவாயின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஒரு பழைய சைக்கிள் ரிக்ஷாவில் மோட்டாரும் பாட்டரியும் பொருத்தி நாமே ஓட்டிக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் அங்கத்தினர் பலருக்கு எழுவது இயல்பே.

இவ்வெண்ணம் நிறைவேறக் கூடாததன்று. 1881ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு நிபுணர் குஸ்தாவ் த்ரூவே, மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில் மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்திப் பாரிஸ் வீதியில் ஓட்டிக் காட்டினார். நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் பல்டண் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் சென்ற நூற்றாண்டின் இறுதியில் மின்சார ரிக்ஷா ஒன்றை உருவாக்கினர். துர்காப்பூரிலுள்ள மத்திய எந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் அமைத்த ‘சோலெக்ஷா’ 2008 அக்டோபரில் தில்லியில் வெளியிடப்பட்டது.

ஆயினும், வண்டியை ஓடச் செய்வது வேறு. அதைப் பொதுச்சாலையில் ஓட்டத் தகுதியுள்ளதாகச் செய்வது வேறு. முன்னதைத் தேர்ந்த கொல்லர் ஒருவரும் மின்வேலை அறிந்த ஒருவரும் சேர்ந்து முடித்துவிடலாம். பின்னதற்குக் கணக்கும், உறுதியும், சட்டமும் ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றுள் சட்டத்தின் தேவையைத் தனி ஒருவரால் நிறைவேற்றுவது மிகக் கடினம். இம்மூன்றையும் முறையே விளக்குவோம்.

மோட்டாரின் கணக்கு

வண்டியின் சட்டமும் உடலும் 130 கிலோ, பாட்டரி 110 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, சரக்கு 200 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 500 கிலோ ஆகிறது. சமதளச் சாலையில் இதனை உருட்டிச் செல்ல, எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு இழுப்பு, அதாவது 10 கிலோ இழுப்பு வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குச் சுமார் 550 வாட் செலவாகும். எதிர்க்காற்றின் தடைக்கு மேலும் 150 வாட் சேர்ப்போம். மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் கால் பங்கு வீணாகுமாதலால், பாட்டரி கொடுக்கவேண்டியது ஏறத்தாழ 930 வாட் ஆகும்.

ஏற்றத்தில்தான் சோதனை. இருபது அடிக்கு ஓரடி உயரும் சாலையில், முன்சொன்ன 10 கிலோவுடன் 25 கிலோ இழுப்பு கூடுகிறது. வேகத்தை 10 கிலோமீட்டராகக் குறைத்தாலும் சக்கரத்திற்கு 950 வாட் வேண்டும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏரிக்கரை ஏற்றத்திலோ 1,600 வாட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே இடைவிடாது 1,200 முதல் 1,500 வாட் வரை தரவல்லதும், சிறிது நேரம் அதற்கு மேலும் தாங்கவல்லதுமான மோட்டாரே இவ்வண்டிக்கு ஏற்றது. விலை மலிவு என்று சிறிய மோட்டாரைப் பூட்டினால், அது சமதளத்தில் ஓடிக்காட்டிவிட்டு, முதல் ஏற்றத்தில் சூடேறிக் கருகும்.

பாட்டரியின் கணக்கு

மேற்சொன்ன 930 வாட்டை 20 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 47 வாட்-மணி வருகிறது. நின்று புறப்படுவதையும் சிற்றேற்றங்களையும் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்வதே விவேகம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பாட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கிறது. அவற்றின் கொள்ளளவு 4,800 வாட்-மணி, அதாவது 4.8 யூனிட்டு. ஆனால் இவ்வகைப் பாட்டரியை ஒவ்வொரு நாளும் அடிவரை வடித்தால் அதன் ஆயுள் விரைவில் தீர்ந்துவிடும். பாதியளவே செலவிடுவது என்று வரையறுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டலாம். அதனைத் திரும்ப நிரப்ப, சார்ஜரிலும் பாட்டரியிலும் ஏற்படும் இழப்பு உட்பட, ஏறக்குறைய மூன்றரை யூனிட்டு மின்சாரம் ஆகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி இதில் பாதி எடைகூட இராது. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை நாள்தோறும் எடுக்கலாம். ஆகவே அதே கொள்ளளவில் 64 கிலோமீட்டர் ஓடும். முதல் விலை அதிகம். அன்றியும், ஒவ்வோர் அறையின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணித்து, அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் மின்சுற்று அதற்கு இன்றியமையாதது. எவ்வகையாயினும் பழைய பாட்டரியையும் புதியதையும் ஒரே தொடரில் கலத்தல் ஆகாது; நலிந்தது மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

கவிழாதிருக்கும் வழி

முன்னே ஒரு சக்கரமும் பின்னே இரண்டுமாக அமைவதே சரக்கு வண்டிக்கு வசதி. ஆனால் இவ்வமைப்பில் வண்டி நிற்கும் தளம் ஒரு முக்கோணம். பின்னே அகன்றும் முன்னே குறுகியும் இருக்கிறது. சுமை உயரும்தோறும் கவிழும் அபாயமும் மிகுகிறது. ஓர் உதாரணம் காண்போம். முன்சக்கரத்திற்கும் பின்னச்சுக்கும் இடையே 2 மீட்டர், பின்சக்கரங்களுக்கிடையே 90 சென்டிமீட்டர், பாரமையம் முன்சக்கரத்திற்கு 1.4 மீட்டர் பின்னே என்று கொள்வோம். பாரமையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் உட்சக்கரம் தரையைவிட்டு எழத் தொடங்கும். மூட்டைகளை உயர அடுக்கிப் பாரமையம் 90 சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால், ஏறக்குறைய பத்தொன்பது கிலோமீட்டர் வேகத்திலேயே அது நிகழ்ந்துவிடும். மேடுபள்ளம் இருப்பின் இன்னும் குறைந்த வேகத்திலேயே கவிழும்.

இதிலிருந்து அறியத்தக்கவை மூன்று. பாட்டரியைத் தட்டின் அடியில், பின்னச்சுக்குச் சற்று முன்னே, தாழ்வாக வைக்கவேண்டும். சரக்கைத் தாழவும் பின்னச்சை ஒட்டியும் ஏற்றவேண்டும். வளைவுக்குள் நுழையுமுன்னரே வேகத்தைத் தணிக்கவேண்டும். வளைவின் நடுவே பிரேக் பிடித்தால் பாரம் முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கிச் சாய்ந்து, வண்டியைக் கவிழ்த்துவிடும்.

சைக்கிள் சக்கரங்களைப் பற்றியும் ஒரு சொல். இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்துகொடுக்கிறது. மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை. ஆகவே பக்கவாட்டு விசை முழுவதும் சக்கரத்தின் கம்பிகளையே தாக்குகிறது. மனிதன் மிதிக்கும் வேகத்திற்கென அமைந்த கம்பிச் சக்கரமும் முன்கவையும் மோட்டாரின் வேகத்தையும் சுமையையும் நெடுநாள் தாங்கா. ஸ்கூட்டர் அல்லது ஆட்டோ ரிக்ஷாவின் தகட்டுச் சக்கரங்களே தக்கவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் உருளவேண்டுமாதலால், பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டலாகாது. டிபரென்ஷியல் அமைப்பு வேண்டும், அல்லது ஒரு சக்கரத்தை மட்டுமே மோட்டார் செலுத்தவேண்டும்.

பிரேக்கும் நெருப்பும்

500 கிலோ வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனுள் அடங்கிய சக்தி, அதே பாரம் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் சக்திக்குச் சமம். அதனைத் தடுக்கச் சைக்கிள் பிரேக் கட்டைகள் போதா. மூன்று சக்கரங்களிலும் டிரம் பிரேக் அல்லது டிஸ்க் பிரேக், நிறுத்திவைக்கத் தனிக் கைப்பிரேக், பிரேக் பிடித்தவுடன் மோட்டாரின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஆகியவை அவசியம். பாட்டரியின் முனைக்கு அருகிலேயே நேர்மின்னோட்டத்திற்கென அமைந்த பியூஸ் ஒன்றும், ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்தில் மொத்தத்தையும் நிறுத்தும் சுவிட்சு ஒன்றும் இருக்கவேண்டும்.

நெசவாளர் குடும்பங்கள் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஈய அமிலப் பாட்டரி மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுகிறது. லித்தியம் பாட்டரி பழுதுற்றுத் தீப்பிடித்தாலோ அணைப்பது மிகக் கடினம். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் மின்னேற்றத்திற்கு வைத்திருந்த மின்சார இருசக்கர வண்டி தீப்பற்றியதில், தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து மாண்டனர். பாவும் நூலும் துணியும் நிறைந்த நம் வீடுகளில் பாட்டரிக்கு இடமில்லை. படுக்கும் அறையிலும், தறிக்கொட்டகையிலும், வெளியேறும் வாசலிலும் மின்னேற்றுவதைத் தவிர்க்கவேண்டும். காற்றோட்டமுள்ள தனிக்கொட்டகையே அதற்குரிய இடம்.

சட்டத்தின் வரம்பு

கணக்கும் உறுதியும் சரியாக அமைந்தபின்னரும் வண்டி சாலைக்கு வந்துவிட இயலாது. தில்லியில் உதிரிப்பாகங்களைச் சேர்த்துக் கட்டிய மின்சார ரிக்ஷாக்கள் பதிவும் காப்பீடும் இன்றிப் பல்லாயிரக்கணக்கில் பெருகின. 2014 ஜூலை 31 அன்று அவை ஓடலாகாதென்று தில்லி உயர்நீதிமன்றம் தடைவிதித்தது. ஓட்டிப் பிழைத்தோரின் வருவாய் ஒரே உத்தரவில் நின்றுபோயிற்று. அதன் பின்னர் அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, ‘இ-கார்ட்’ எனப்படும் மின்சாரச் சரக்கு வண்டி 310 கிலோவுக்கு மேற்படாத சரக்கையும், 2,000 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரையும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தையும் உடையது. 2015இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதற்கென 2-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அப்பிரிவு கூறும் உச்ச வரம்பு 4,000 வாட். நாம் கணக்கிட்ட வண்டி இவையனைத்திற்கும் உட்பட்டதே.

எனினும் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. மாதிரி வண்டி, அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேறவேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அத்தகைய நிலையம் ஒன்று உள்ளது. பின்னர் ஒவ்வொரு வண்டிக்கும் தகுதிச் சான்றும், பதிவும், மூன்றாம் நபர் காப்பீடும் பெறவேண்டும். ஓட்டுபவர் பத்து நாட்களுக்குக் குறையாத பயிற்சி பெற்று உரிமமும் பெறவேண்டும். பதிவில்லாத வண்டியால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், இழப்பீடு முழுவதும் உரியவர் தலைமேல் விழும். தறியும் நிலமும் விற்றாலும் அக்கடன் தீராது போகலாம். கூலிவண்டிப் பணத்தை மிச்சப்படுத்தப் புகுந்து குடும்பச் சொத்தையே பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

கூடிச் செய்யும் வழி

சோதனைச் செலவு ஒரு மாதிரிக்கு உரியது. ஒருவர் ஒரே வண்டிக்காக அதனை ஏற்றால் தாங்க இயலாது. அதே மாதிரியில் ஐம்பது வண்டிகள் கட்டப்பட்டால், ஒவ்வொன்றின்மீதும் ஐம்பதில் ஒரு பங்கே விழும். சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. இ-ரிக்ஷா, இ-கார்ட் ஆகியவற்றைப் பொறுத்தமட்டில், தகுதிச் சான்றாகிய 22ஆம் படிவத்தை உற்பத்தியாளரேயன்றிப் பதிவுபெற்ற இ-கார்ட் சங்கமும் வழங்கலாம் என்று அப்படிவமே குறிப்பிடுகிறது. தனியாருக்கு மூடியிருக்கும் கதவு கூடி நிற்போருக்குத் திறந்திருக்கிறது.

ஆகையால் இதில் நாட்டமுள்ள அங்கத்தினர் இரும்பு வாங்கப் புறப்படுமுன், தம் சுமையையும் தூரத்தையும் பாதையின் ஏற்றங்களையும் ஒரு மாத காலம் குறித்துவரட்டும். அக்குறிப்புகளைச் சங்கக் கூட்டத்தில் ஒப்பிட்டு, எத்தனை பேருக்கு ஒரே அளவு வண்டி பொருந்தும் என்று காணவேண்டும். அடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலரை நேரிற் கண்டு, நம்மைப் போன்றோர் எவ்வகைச் சங்கமாகப் பதிவுபெறவேண்டும், எச்சான்றுகள் தேவை என்பவற்றை எழுத்து மூலமாகக் கேட்டறியவேண்டும். சோதனையில் தேறிய வண்டி ஆயத்தமாகக் கிடைக்குமாயின், அதன் விலையையும் நாம் கட்டும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கூட்டாக வாங்குவதே மலிவாயின் அதனையே மேற்கொள்ளலாம், அதில் குறைவொன்றுமில்லை. கட்டுவதே நன்று என்று தேர்ந்தால், முதல் மாதிரியைச் சங்க வளாகத்திற்குள்ளேயே ஓட்டி, முழுச் சுமையுடன் பிரேக்கையும் வளைவையும் ஏற்றத்தையும் சோதித்த பின்னரே சோதனை நிலையத்திற்கு அனுப்பவேண்டும். சான்றும் பதிவும் காப்பீடும் கைக்கு வந்த பிறகு, அவ்வண்டி நம் நூலையும் காய்கறியையும் ஏற்றிக்கொண்டு சாலையில் இறங்கட்டும்.